பதினோரு அடி

வெளியே அளந்தால் நூற்று நாற்பத்திரண்டு.
உள்ளே, டிக்கெட் ஜன்னல் தொடங்கித் திரைச்சுவர் வரை
நூற்று முப்பத்தொன்று.
சுவர்க்கனம் எல்லாம் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.
பதினோரு அடி உதைக்கிறது.

"லேசர் பொய் சொல்லாது மேடம்" என்கிறான் ஹொன்னேஷ்,
மூன்றாம் முறையும் பொத்தானை அழுத்தி.
திங்கள்கிழமை இடிப்பு.

நல்ல கட்டடம், அதைச் சொல்லிவிட வேண்டும்.
ஹீலியஸ் என்று முகப்பில் இருக்கிறது;
தண்டுத் தமிழர் வாயில் அது எலியாஸ் கொட்டகை.
மூன்று வளைவு, சுண்ணாம்பில் இழைத்த திராட்சைக் கொத்து,
கிளாஸ்கோ முத்திரை விழுந்த ஆறு இரும்புத் தூண்.
பால்கனிக்குத் தேக்குப் படி,
பூட்ஸ் காலுக்குத் தோதான உயரம்.
இரண்டணா பெஞ்சுக்குப் பக்கவாட்டில் தனி வாசல்,
துரைமார் கண்ணில் படாதபடி ஒரு திருப்பம்.
ஓரணாவுக்கு
வரைபடத்தில் வாசலே இல்லை.

சந்துப் பக்கம் போனோம்.
பகல் காவல் சவரிராஜ் ஒரு தகரத்தை நகர்த்தினார்:
"கக்கூஸுக்குப் போற வழின்னு நெனச்சேன்."
செங்கல் பெயர்ந்த இடத்தில் தோளை நுழைத்தேன்.

அங்கே இருந்தது அந்தப் பதினோரு அடி.

பழைய வரவேட்டில் 'பின்வகுப்பு' என்றொரு பத்தி உண்டு,
அர்த்தம் இப்போதுதான் விளங்கியது.
பேசாப்படக் காலத்தில் திரை வெறும் துணி.
ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிப்பார்கள்,
வெளிச்சம் ஊறி மறுபக்கம் வரும்.
மறுபக்கத்துக்கு ஓரணா.
லாயத்தில் புல் கட்டுபவர்கள்,
தோல் நனைத்த நாற்றம் கையைவிட்டுப் போகாதவர்கள்
தரையில் குந்திப் பார்த்தார்கள்:
வீரர்கள் இடக்கையால் வாள் சுழற்ற,
மணப்பெண்கள் ஒருத்தி தவறாமல்
இடக்காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் வர.
எழுத்து விழுந்தால் வலமிருந்து இடம்.

பேச்சு வந்தது.
ஒலி பொருத்த வந்தவர் திரைக்குப் பின்னே சுவர் கேட்டார்.
ஓரணா முன்னால் போய்
கழுத்து வலிக்க அண்ணாந்தது.
அதற்கப்புறம் எல்லாரும் வலக்கைக்காரர்கள்.

குந்தியவன் தலை உயரத்தில்
ஆணியால் கீறிய ஒரு வரி.
தமிழ்போல இருக்கிறது, படிக்க வரவில்லை.
சுவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து
செல்ஃபி கேமராவைத் திறந்தேன்.
என் காதுக்குப் பக்கத்தில் நேராக நின்றது:
மொட்டயன் ஒன்னரை அணா தரணும்.

எழுதப் படிக்க இங்கேதான் கற்றிருக்கிறான்.

ஹொன்னேஷ் வெளியிலிருந்து கத்துகிறான்,
வண்டிக்கு நேரமாகிறதாம்.
படிவத்தில் ஒரு கட்டம்தான் பாக்கி:
சொத்தின் பேரில் வில்லங்கம் ஏதும் உண்டா?

உண்டு.
ஒன்றரையணா.