மூடிமேல் பனி

இழுவை வண்டியில் வந்து இறங்கியது கார்.
"இரண்டு வாரம் சும்மா நின்றது, அவ்வளவுதான்"
என்றான் ஒட்லைஃப்,
கையுறையைக் கழற்றாமல்.

தொண்ணூற்றாறு செல்.
ஒவ்வொன்றிலும் மீட்டரின் முனையை வைத்தேன்.
இரண்டே கால் வோல்ட், இரண்டே கால்,
இரண்டு புள்ளி இரண்டு, மறுபடி இரண்டே கால்.
இரண்டு வாரத்தில் எந்தச் செல்லும்
இவ்வளவு ஆழத்துக்கு இறங்காது.
நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும்
ஒரு வோல்ட்டைக்கூடத் தொடவில்லை.

"துறைமுகத்தில் வேகச் சார்ஜர் இருக்கிறதே, தூர்டிஸ்.
உள்ளே காவலிருக்கும் கணினியை ஏமாற்றி
நேரே கம்பியைக் கொடுத்தால் என்ன?"
கொடுக்கலாம்.
பட்டினி கிடந்தவன் வாயில்
பந்தியையே கொட்டலாம்.
பிறகு தீயணைப்பு வண்டி வரும்போது
பட்டறை எங்கே இருந்தது என்று
கை காட்ட ஓர் ஆள் வேண்டும்.

வார்டோவில் அந்த மார்ச், மைனஸ் ஒன்பது.
விறைத்த செல்லுக்குள் மின்சாரத்தை விட்டால்
லித்தியம் உள்ளே போகாது.
வாசலிலேயே உலோகமாய்ப் படியும்,
ஊசி ஊசியாய் முளைக்கும்.
ஆகவே முதல் நாள் முழுக்க
நான் வேலையே செய்யவில்லை.
கதவைச் சாத்தி, ஹீட்டரைத் தள்ளி வைத்து,
பெட்டி பதினைந்து டிகிரிக்கு வரும்வரை
காபி குடித்தேன்.

சும்மா இருந்த கையால்
காரின் பதிவுகளைத் திறந்தேன்.
அக்டோபரில் ஆறு இரவு.
வேகம் பூஜ்யம். ஓட்டுநர் இருக்கையில் ஆள்.
ஹீட்டர் முதல் இரவு இருபத்தொன்று,
மறுநாள் பத்தொன்பது,
பதினேழு,
பதினான்கு.
சிக்கனம் பிடித்திருக்கிறான்.
ஆறாம் இரவு மூன்று மணி பத்து நிமிடத்துக்கு
கார் தானாக அணைந்தது.
அதன் பிறகு ஐந்து மாதம்,
மிச்சமிருந்ததைக் கடிகாரமும் பூட்டும்
ஒரு சின்னச் சிவப்பு விளக்கும்
துளித்துளியாய்க் குடித்துத் தீர்த்தன.

ஒட்லைஃப் வீடு
பட்டறையிலிருந்து மூன்றாவது தெரு.
போகும்போதெல்லாம் பார்ப்பேன், விளக்கு எரியும்.

நாற்பத்தொன்றையும் நாற்பத்திரண்டையும் கழற்றினேன்.
அவற்றுள் செம்பு கரைந்திருக்கும்;
எழுப்பினால் எழும், எரிக்கவே எழும்.
நொறுங்கிப்போன வேறொரு காரிலிருந்து ஜோடி தேடி,
அளவு ஒத்துப் பார்த்துப் பொருத்தினேன்.
மற்றவற்றுக்கு இரண்டே ஆம்பியர்.
மணிக்கொரு தரம் வெப்பமானி.
அறுபத்தேழு மட்டும் ஒரு டிகிரி முந்தியது.
நிறுத்தினேன். ஆறவிட்டேன். தொடர்ந்தேன்.
மூன்று வோல்ட்டில் எல்லாவற்றையும் நிறுத்தி
இரண்டு இரவு தனியே விட்டேன்:
கொடுத்ததை எது வைத்துக்கொள்கிறது,
எது நழுவவிடுகிறது?
அறுபத்தேழு வைத்துக்கொண்டது.
நான் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தான்.
ரசீதில் பழுதுக்குக் காரணம்:
நீண்ட நாள் நிறுத்தம்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"எத்தனை நாள் என்று எழுதவில்லையே."
"கட்டம் சின்னது" என்றேன்.
பணத்தை எண்ணி வைத்தான், இரண்டு தரம்.
எந்தப் பக்கம் திரும்பினான் என்று
ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கவில்லை.

கழற்றிய இரண்டும்
முற்றத்துக் கோடியில், மணல் நிரப்பிய இரும்பு வாளியில்
லாரிக்குக் காத்திருக்கின்றன.
காலையில் பூட்டைத் திறக்கும் முன்
அங்கே ஒரு நடை போய் வருகிறேன்.
மூடிமேல் பனி
கரையாமல் கிடக்கிறதா என்று.