நாலு அடி

சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
முட்டை அட்டை ஒட்டிய பத்துக்குப் பத்து.
அதுதான் ஸ்டுடியோ.
ஏசி போட்டால் உறுமியின் தோல் தொய்கிறது,
அணைத்தால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறது.
மாயழகு சட்டையைக் கழற்றிவிட்டு
எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தான்.
இரண்டு பேருக்கும் முப்பத்து நாலு வயது,
இரண்டு பேருக்கும் வண்டித் தவணை பாக்கி.

காதில் க்ளிக் வைத்தேன்.
டிக் டிக் டிக் டிக்.
"யாரு மாப்ள இது, பல்லி மாதிரி?"
அதோடு ஒட்டி வாசி என்றேன்.
ஒட்டினான். ஏழாவது சுற்றில் முந்தினான்,
ஒன்பதில் வேண்டுமென்றே பிந்தினான்.
வெளியே நின்ற அடிகளை
மவுஸால் கவ்வி ஒவ்வொன்றாகக்
கோட்டுக்குள் இழுத்துப் போட்டேன்.
திரையில் பார்க்க அழகாக இருந்தது.
கேட்டால் தையல் மிஷின்.

பிறகு ஒரு நாலு அடி கிடைத்தது.
வளைகுச்சி தேய்த்து எழுப்பிய முனகல்,
கட்டுத்தறியில் நிற்கும் மாடு
தொண்டைக்குள்ளேயே கன்றைக் கூப்பிடுவதுபோல்.
அதன்மேல் வலக்கையின் இரண்டு வெட்டு.
அதை மட்டும் நறுக்கினேன், சுற்றவிட்டேன்.
அடியில் சின்தஸைசரின் ஒரே ஒரு கீழ்ச் சுரம்,
யானைக்கல் பாலத்தில் லோடு லாரி ஏறுவதுபோல்.
"இன்னும் அமுக்கு மாப்ள."
அமுக்கினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
நாங்கள் டீ குடித்தோம், அது தானாகச் சுற்றியது.
நாற்பது. ஐம்பது. நூற்றிப் பத்து தடவை.

கீழே எதுவோ விழுந்தது.
பிறகு குலவை.

ஒச்சம்மா.
லேமினேஷன் மிஷின் முன்னால், கூந்தல் அவிழ்ந்து.
மிஷினுக்குள் யாரோ ஒருவரின் சாதிச் சான்றிதழ்
பாதி வெந்தபடி.
காலேஜ் பையன்கள் போனைத் தூக்கினார்கள்.
வரிசையில் நின்ற ஒரு அம்மாதான் கேட்டார்,
"வந்திருக்கது யாரு, சொல்லு தாயி."
அவள் வாய் திறக்கும்போதெல்லாம்
மறுபடி முதல் அடியே வந்தது.

ஓடிப்போய் ஸ்பேஸ் பாரை அமுக்கினேன்.
எங்கள் சத்தம் நின்றது.
அவள் நிற்கவில்லை.
சத்தமே இல்லாமல் ஒருத்தி ஆடுவதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
தரையில் பாதங்கள் மட்டும்.

மாயழகு திட்டவில்லை, திட்ட நேரமில்லை.
"கூப்பிடுற நாலை வெட்டிக்கிட்ட.
அனுப்புற அடி எங்கிட்டல்ல இருக்கு."
உறுமியைத் தோளில் மாட்டி இறங்கினான்.

சாமி மலையேறும் அடியை
நான் முழுசாகக் கேட்டதில்லை.
மெள்ள மெள்ள அடங்கும் என்று நினைத்திருந்தேன்.
இல்லை, முதலில் இன்னும் ஏறியது.
உச்சியில் வலக்கை சட்டென்று நின்றுகொள்ள
முனகல் மட்டும் நீண்டு,
நீண்டு,
எங்கே முடிந்தது என்று
யாராலும் சொல்லமுடியாத இடத்தில் முடிந்திருந்தது.
ஆறு நிமிஷம் நாற்பது நொடி.
எப்படித் தெரியும் என்றால்
மேலே மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.

ஒச்சம்மா தண்ணீர் கேட்டாள்.
சான்றிதழ்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

ஷார்ஜாவிலிருந்து பணம் கட்டியவர்
முப்பது நொடி போதும் என்கிறார்.
முப்பது நொடிக்கு அந்த நாலு அடியே தாராளம்.
அனுப்பிவிட்டேன். ஒளிப்பானேன், தவணைத் தேதி ஐந்து.

இன்னொன்று இருக்கிறது.
படிக்கட்டு வழியாக ஏறிவந்த உறுமி,
கூடவே ஒரு ஆட்டோ ஹாரன், யாரோ குழந்தையின் இருமல்.
இதில் எதையும் கோட்டுக்குள் இழுக்கவில்லை.
சின்தஸைசரை அவன் கை போன வழியில் விட்டேன்.
புது ஊரில் விலாசம் தேடுகிறவன்போல்
ரெண்டு மூணு திருப்பத்தில் அது பின்தங்குகிறது,
வந்து சேர்ந்துகொள்கிறது.

மறுநாள் மதியம் கடை ஓய்ந்ததும்
ஒச்சம்மா மாடிக்கு வந்தாள்.
ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினாள்.
நாங்கள் இருவரும் கதவோரம் நின்றோம்,
உறுமி கைக்கெட்டும் தூரத்தில்.
ஆறு நிமிஷம் நாற்பது நொடி.
கண்ணைத் திறந்தாள்.

"பாஸ் பத்தலண்ணே."