விலகினால்

மூன்று விலைத்தாள்கள்.
ஒன்றின் மேல் சர்க்கரை ஜாடி,
ஒன்றின் மேல் கார்ச் சாவி.
மூன்றாவது, ஹீட்டர் காற்றுக்கு
மேசை விளிம்புவரை நடந்து போகிறது.
லொரெட்டா கியோ அதை முழங்கையால் நிறுத்துகிறாள்.

நியூஃபவுண்ட்லாந்தில் நவம்பர்.
நாலரைக்கே இருட்டிவிட்டது.
பத்து மணிக்கு அவளுக்கு வேலை,
காண்டர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவு.
எழுபது கிலோமீட்டர்.
இருபுறமும் ஊசியிலைக் காடு, நடுவே
மனிதன் கீறிய ஒரே ஒரு கோடு.

முதல் கம்பெனி மலிவு.
அடுத்தவன் காருக்கு அவள் செய்ததைக் கொடுக்கும்,
அவள் காருக்கு நடந்ததைக் கேட்காது.

இரண்டாவது கம்பெனி
காருக்குள் சின்னதாய் ஒரு பெட்டி வைக்கும்.
எப்போது பிரேக் மிதித்தாள், எத்தனை மணிக்கு ஓட்டினாள்,
எல்லாவற்றையும் போட்டுக் கொடுக்கும்.
நடுராத்திரி ஓட்டுபவர்களுக்குத் தள்ளுபடி கிடையாதாம்.
"அழுக்குத் துணி பகலில் மட்டுமா சேருகிறது?" என்று கேட்டாள்.
"நல்ல கேள்வி, மேடம்" என்ற பையன்
இசையைப் போட்டுவிட்டுப் போனான்.
போனவன் போனவன்தான்.

மூன்றாவது தாள் கிளைட் டிஸார்ட் கொடுத்தது.
பெட்ரோல் பங்கின் மாடியில் அவர் ஆபீஸ்.
மத்தியானம் போயிருந்தாள்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்:

"மூஸை நேராகப் போய் இடித்தால்
அது இயற்கைக் கணக்கு.
மரம் விழுந்த மாதிரி, ஆலங்கட்டி பெய்த மாதிரி.
உன் தப்பு இல்லை.
பாவமே என்று ஸ்டியரிங்கை ஒடித்து
பாறையில் போய்ச் சொருகினால்
அது மோதல் கணக்கு. அதற்குத் தனிக் காசு.
உன் தப்பு."

மூஸ் என்பது மான்களில் யானை.
காலே ஓர் ஆள் உயரம் பிடிக்கும்.
முன்விளக்கு வெளிச்சம்
வயிற்றுக்கு அடியில் புகுந்து அந்தப்பக்கம் போய்விடும்.
கண் மின்னாது. கண் இருப்பது இருட்டின் மாடியில்.
நேராக இடித்தால் காலை வாரிவிட்டது போலாகும்;
உடம்பு, கண்ணாடியை உடைத்துக்கொண்டு
மடியில் வந்து உட்காரும்.

"ஆக, நேராக இடித்தால் பணம் வரும்" என்றாள்,
"வாங்கத்தான் ஆள் இருக்காது."
கிளைட் சிரிக்கவில்லை.
அவர் மைத்துனர் அப்படித்தான் போனார்.

மோதலையும் சேர்த்தால்
மாதம் முப்பத்தொரு டாலர் கூடுதல்.
பன்னிரண்டு வயசுக் கரோலாவுக்கு,
ஒரு கதவு மட்டும் வேறு நிறத்தில் இருக்கிற காருக்கு.
சூடேற்றும் எண்ணெய். சின்னவளுக்குப் பல் கம்பி.
புதன்கிழமை பிங்கோ.
கணக்கு எந்தப் பக்கம் இழுத்தாலும்
இன்னொரு பக்கம் கால் வெளியே தெரிகிறது.

'மோதல்: வேண்டாம்'
கட்டத்தில் குறி போட்டாள்.
பேனா எழுதவில்லை.
உதறி, மறுபடி போட்டாள்.
நேராகவே போய்க்கொள்கிறேன் என்று
யாருமில்லாத சமையலறையில் சொன்னாள்.

பாதி தூரத்தில்,
பழைய மரம் அறுக்கும் ஆலை தாண்டி,
சாலையோரம் ஏதோ நின்றது.
உயரமாய். கறுப்பாய்.

தபால் பெட்டி.
பனிக்குப் பயந்து யாரோ
தார்ப்பாய் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

கார் எதிர்த்தடத்தில் குறுக்காக நின்றிருந்தது.
எதிரே லாரி எதுவும் வராத நேரம்.
பிளாஸ்க் கவிழ்ந்து, காலடியில் தேநீர்
ஆவி பறந்துகொண்டிருந்தது.
தன் கைகளைப் பார்த்தாள்:
ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்து
இன்னும் விடாமல் பிடித்திருந்தன.
அவை அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
பாலிசியும் படித்திருக்கவில்லை.

காலை எட்டேகால். தலைமுடியில் சலவைத் தூள் வாசனை.
"கிளைட், அந்த முப்பத்தொன்றையும் சேர்த்துவிடு."
"பார்த்தாயா?"
"தார்ப்பாயை."
கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம்.
"விபத்து என்று வந்தால்
முதல் ஐந்நூறு உன் கையிலிருந்தா, முதல் ஆயிரமா?"
"எது மலிவு?"
"ஆயிரம்."
"அப்போ ஆயிரம்" என்றாள்.
பிறகு, அவர் கேட்காமலே,
"புதன்கிழமை எப்படியும் எனக்குத் தூக்கம்தான் வருகிறது."