இருபத்து மூன்று டிகிரி

ஆர்டர் இல்லையென்று
ஐந்து நாள் கதவடைத்துவிட்டது தொழிற்சாலை.
ஆறே காலுக்கு வரும் கம்பெனி பேருந்து
இன்றும் வராது.
பழக்கத்தில் விழித்துக்கொண்ட கைகளுக்கு
என்ன செய்வதென்று தெரியவில்லை.
மாவை எடுத்துப் பிசையத் தொடங்கின.

மூன்றாம் நாளாக மழை.
பதினேழாம் மாடிச் சன்னலில்
நேற்றுவரை நின்ற கொடிமலையைக் காணோம்.
கீழே ஜெலுத்தோங் சாலையில்
மஞ்சள் மழைக்கோட்டுக்குள் தன்னை மடித்துக்கொண்டு
யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகிறார்.
பாவம், அவர் கம்பெனியில் ஆர்டர் இருக்கிறது.

கேமரன் மலைக்கென்று வாங்கி
ஒரே ஒரு முறை போட்ட கம்பளிச் சட்டையில்
வந்து நிற்கிறாள் நளாயினி.
அந்துருண்டை வாசம்.
"இருபத்து மூணு டிகிரி! பாருங்க!"
கைப்பேசியை என் மூக்கருகே நீட்டுகிறாள்,
பனிக்கரடியைப் படம் பிடித்துவந்தவள் மாதிரி.

கார், கூதிர், முன்பனி, பின்பனி.
தமிழ்ப்பள்ளியில் ஆறு பருவமும் ஒப்பித்தோம்.
எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம்.
ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை.
வந்திருப்பது அதில் ஒன்றாக இருந்தால்
இருந்துவிட்டுப் போகட்டும்.
கோப்பியில் இன்னொரு கரண்டி பால்.

ஓவன், அடுத்த வீட்டு ஊய் அம்மா
சிங்கப்பூருக்கு மகளிடம் போகும்போது
எங்களிடம் விட்டுப்போனது.
இடப்பக்கம் அதற்குக் கோபம் அதிகம்.
பாதி வெந்ததும் தட்டைத் திருப்பாவிட்டால்
ஒரு கன்னம் கறுத்த ரொட்டி.
தாளில் சீன எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்,
அநேகமாக இதைத்தான்.

வீட்டில் ஒரே மேசை.
நடுவில் நளாயினி டேப் ஒட்டிக் கோடு போட்டாள்.
இந்தப் பக்கம் மாவு, அந்தப் பக்கம் வண்ணம்.
பல் மருத்துவமனை முகப்பில் உட்கார்ந்து
நாளெல்லாம் பேர் கூப்பிடும் குரல்
இப்போது ஒரு பச்சையைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது,
"வா... இன்னும் கொஞ்சம்... ஐயோ, அவ்வளவு வேண்டாம்."
காணாமல்போன மலையை
ஞாபகத்திலிருந்து வரைகிறாள்.

ஈரக்காற்றில் எதுவும் காயவில்லை.
கொடியில் நேற்றைய துண்டு,
தாளில் இன்றைய மலை.
கூந்தல் உலர்த்தியை எடுத்து
மலையடிவாரத்தில் பிடித்தாள்.
பட்டென்று வீடே இருண்டது.
விசையைத் தூக்கினேன். மறுபடியும் பட்.
இரண்டாம் முறைதான் புரிந்தது,
ஓவனும் உலர்த்தியும் ஒரே நேரத்தில்
இந்த வீட்டில் வாழ முடியாது.

"என் ரொட்டி பாதியில் நிற்குது."
"என் மலை ஒழுகுது."
இருட்டில் கொஞ்ச நேரம்
இரண்டு பேரும் பேசவில்லை.
மழைச் சத்தம் மட்டும் கணக்கில்லாமல்.
ஜனவரியில் என்ன ஆகும் என்று
அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.
அவளுக்கும் வந்திருக்கும்.
கம்பளிக் கை ஒன்று
என் மாவுக் கையைத் தேடிப் பிடித்தது.

பிறகு அவளே சொன்னாள்,
"மேலே வைச்சிடலாமா?"

ஓவன் தலையில் ஒரு துணி,
துணிமேல் மலை.
கீழே ரொட்டி உப்ப உப்ப
மேலே மழைக்காடு காய்ந்தது.
தாள் லேசாகச் சுருண்டது.
என் விரலிலிருந்து வெண்ணெய் பட்ட இடத்தில்
நீலம் ஒட்ட மறுத்தது.
திட்டப்போகிறாள் என்று நின்றேன்.
தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு
"இருக்கட்டும், அங்கே வெயில்" என்றாள்.

பேச்சில் தட்டைத் திருப்ப மறந்தேன்.
கறுத்த கன்னத்தை நான் எடுத்துக்கொண்டேன்.
உள்ளே மெத்தென்று ஆவி.
மேசையின் மாவுப் பக்கத்தில்
கவிழ்ந்து கிடந்த கைப்பேசி
இரண்டு முறை அதிர்ந்து அடங்கியது.
யாரும் நிமிர்த்தவில்லை.

ஐந்தரைக்கு மழை விட்டு
சன்னலில் மலை வந்து நின்றது,
முழுசாக, ஈரமாக,
உச்சியில் மட்டும் ஒரு துணுக்கு மேகம்.
நளாயினி தன் தாளை எடுத்துவந்து
பக்கத்தில் பிடித்தாள்.
இதைப் பார்த்தாள். அதைப் பார்த்தாள்.
வாயில் இருந்த ரொட்டியை விழுங்கிவிட்டு
"தப்பா வந்திருக்கு" என்றாள்,
வெளியே இருந்ததைக் காட்டி.