வேடியம்மாவுக்கு வாய் கொடுத்தவன்

முதலில் உன்னைப் பிணமாகத்தான் பார்த்தேன்.
மொரப்பூரிலிருந்து வரும் சின்ன ரயிலில்
ஏழு தகரப்பெட்டி வரவேண்டிய இடத்தில்
ஒன்றுதான் வந்தது, அதுவும் கடைசிச் சுருள்.
தர்மபுரியில் சந்தை நாள். கூடாரம் நிறைந்துவிட்டது.
"இருக்கிறதை ஓட்டு" என்றார் ரஜாக் பாய்.

வெள்ளையாய் என்னவோ கொட்டிக்கொண்டிருந்தது.
நீ அதில் சரிந்து கிடந்தாய்.
பனி என்று எனக்குத் தெரியாது.
தகரக் குழலை வாயில் வைத்து
"உப்பளத்தில் விழுந்தாள் பாருங்கள்" என்றேன்.
பெண்கள் பக்கம் மூக்கு சிந்தும் சத்தம்.

அடுத்த வாரம் நீ குதிரையில் வந்தாய்.
செத்தவள் எப்படி வந்தாள் என்று
ஒருவர்கூடக் கேட்கவில்லை.
பெட்டி வந்த வரிசையில்தான் நீ வாழ்ந்தாய்:
ஒரு சந்தைக்கு விதவை,
மறு சந்தைக்குப் பள்ளிக்கூடத்துப் பெண்.

வினிஃப்ரெட் லார்ன் என்று பெட்டியில் எழுதியிருந்ததாம்;
போஸ்ட் மாஸ்டர் அனுமந்த ராவ் படித்துச் சொன்னார்.
என் நாக்கில் அது நிற்கவில்லை.
வேடியம்மா என்று வைத்தேன்.
எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு வேடியம்மா உண்டு,
மூன்றாவதாக நீ இருந்துவிட்டுப் போ.

திரையில் எழுத்து வரும். எனக்கு இங்கிலீஷ் வராது.
மூங்கில் குச்சியால் உன்னைத் தொட்டுக் காட்டி
நானாகவே பேசினேன்.
நீ நீளமாய் உதடசைத்தால் சுருக்கமாய்,
சும்மா நின்றால் நீளமாய்.
அவன் உன் முகத்தருகே முகம் கொண்டுவந்தால்
எனக்கு இருமல் வரும்.
ஓடும் ரயிலின் கூரையில் நீ நடந்தபோது மட்டும்
ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளங்கால் எனக்குக் கூசியது.

ஒரு படத்தில் நீதிபதி முன் நின்றாய்.
வரிசையாய்த் தொப்பி வைத்த ஆண்கள்.
விரலை நீட்டிப் பேசினாய், வெகுநேரம்.
என் கையிருப்பு தீர்ந்துபோனது.
சட்டென்று வந்தது:
"அடிச்ச கைக்குக் களி கிண்டிப் போடணுமா?
என் நகையை வித்து எருது வாங்கினான்.
எருதுக்குப் போட்ட மூக்கணாங்கயிறு
எனக்கு வேணாம்."
கூடாரம் எழுந்து நின்றது.

அது என் அக்கா மாதம்மாள் சொன்னது.
காரிமங்கலத்துப் புளியமரத்தடியில்
பதினோரு பேர் முன்னால், தனியாக.
நான் பின்னால் நின்று
செருப்பில் ஒட்டிய சாணியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
"தீர்த்தகிரி, நீ பாத்தியே, சொல்லுடா" என்றாள்.
எண்ணூறு பேருக்கு எட்டுகிற தொண்டை
எச்சில் விழுங்கியது.

அதன்பின் உன் ஒவ்வொரு படத்திலும்
அவளை ஒரு வரியாவது பேசவைத்தேன்,
கொள்ளைக்காரனிடம், கடன்காரனிடம்,
ஒருமுறை ஒரு நாயிடம்.
உனக்குத் தெரியாது. அவளுக்கும்.

பிறகு டைனமோ வந்தது. பேசும் படம் வந்தது.
உன்னுடையதும் ஒன்று.
வாயைத் திறந்தாய்.
கொசு இரைவதுபோல் மெல்லிய குரல்.
"இது வேடியம்மா இல்ல!" என்று கத்தினார்கள்,
மண்ணை வாரித் திரைமேல் எறிந்தார்கள்.
நான் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன்;
அப்போது அதுதான் வேலை.

பெட்டிக்குள் விரித்திருந்த செய்தித்தாளில்
உன் படம், வெற்றிலையளவு.
ராவ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்:
குரல் பொருந்தவில்லை என்று கம்பெனி விலக்கிவிட்டது.
புருஷன் இரண்டு பேர், இருவரும் இப்போது இல்லை.
கடலோர ஊரில் தொப்பிக் கடையில் நிற்கிறாள்.
வயது முப்பத்து நான்கு.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான். கீழே சோப்பு விளம்பரம்."

உன் முதல் படம் கடைசியில் வந்தது.
எங்கேயோ தவறிக் கிடந்து, மழையில் ஊறிய பெட்டி.
சத்தப் படத்துக்கு முன் சும்மா ஓட்டினார் பாய்.
"வா, ஒரு தடவை பேசு" என்று குழலை நீட்டினார்.

கூட்டத்தில் ஒருத்தி நீ. பதினாறு இருக்கும்.
இடமிருந்து மூன்றாவது, கையில் வாளி.
பார்க்கக் கூடாத பக்கம் திரும்பி
எங்களைப் பார்த்துவிட்டாய்.
உனக்கு இன்னும் பேர் இல்லை. நானும் வைக்கவில்லை.
குழல் மடியில் கிடந்தது.

இருட்டில், பெண்கள் பக்கம், ஒரு குரல்:
"வாளி சாயுது பாரு புள்ள."

நீ குனிந்து
நிமிர்த்திக்கொண்டாய்.