பதினைந்தாம் நாள்

பீல் நகரில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே
சட்டப்படி ஒரு பங்கர்.
சோதிக்க வந்த ஏபிஷர்
கொங்கிரீட் கதவை முழங்கையால் தட்டிச் சொன்னார்:
"பதினான்கு நாள் தாங்கும்."
என் அரிசி மூட்டை, யாருடையதோ பனிச்சறுக்குப் பலகை,
மூன்றாம் மாடிக்காரரின் வைன் போத்தல்கள்
எல்லாம் அதை நம்பி நின்றன.

பதினைந்தாம் நாள்? என்றேன்.
படிவத்தைப் புரட்டினார்.
அதற்கு அங்கே கட்டம் இல்லை.

நான் பங்கர் அறிந்தவள்.
விசுவமடுவில் பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை ஏற்றி,
"இனிப் பயமில்லை" என்று இறங்கினார்
அண்ணன் அமலதாஸ்.
ஏறவில்லை.

பொய் சொல்லமாட்டேன்.
காப்புறுதிப் பணம் மாதம் தவறாமல் கட்டுகிறேன்,
இரவில் பூட்டை இரண்டுதரம் இழுத்துப் பார்க்கிறேன்.
ஆனால் சாய்கிற இடம் அதுவல்ல.

அடைத்து, முத்திரை வைத்து,
காவலும் போட்ட ஒரு கல்
மூன்றாம் நாள் புரண்டு கிடந்தது.
உள்ளே கிடத்தப்பட்டவர் எழுந்து வந்தார்,
கையில் ஆணித் தழும்போடு.
அந்தக் கைக்குள்தான் இருக்கிறேன்.
அமலதாசும்.

ஏபிஷர் கையெழுத்துக் கேட்டார், போட்டேன்.
கதவை மூடட்டுமா என்றார்.
திறந்தே கிடக்கட்டும்,
வெங்காயத்துக்குக் காற்று வேணும்.