எனக்கு மட்டும் அழி

போன் விழுந்தது புறாமலைக்கு அந்தப் பக்கம்,
ஒரு ஜெர்மன்காரிக்கு ஆமையைக் காட்டக் குனிந்தபோது.
ஆமை போய்விட்டது. பின்னாலேயே போனும்.
கரை சேரும்வரை அவள் சாரி, சாரி என்றாள்,
தான்தான் தள்ளிவிட்டதுபோல.

புதுசு ஒன்று, தவணைக்கு.
பிரதான வீதியில் கிருஷிகனின் கடை;
வாசலில் வாழைப்பழத் தோலுக்கு இரண்டு மான் நிற்கும்.
அதே சிம், அதே நம்பர்.
வட்டம் சுற்றிச் சுற்றிக் களைத்து
பேக்கப் எதுவும் இல்லை என்றது.

"எந்த ஜீமெயில் அண்ணை?"

எனக்கு ஜீமெயில் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.
முதல் போனை விற்றவன் போட்டுத் தந்தது.
பாஸ்வேர்ட் அவனுடைய மோட்டார்சைக்கிள் நம்பர்,
ஆள் இப்போது இத்தாலியில்.
நாலாம் நாள் கோல் எடுத்தான். சிரித்தான். சொன்னான்.
திறந்தது:
கடைசி பேக்கப், போன வருஷம் மார்ச் பதினொன்று.

உப்புவெளி ஹோட்டலில் இரவுக் காவலுக்கு நின்ற கிழமை.
அங்கே வைபை இருந்தது.
"வைபையில மட்டும் எண்டு விட்டிருக்கிறியள் போல.
வீட்டில இல்லைத்தானே?
இரவு ரெண்டு மணிக்கு ஒவ்வொரு நாளும் ட்ரை பண்ணியிருக்கும்."

ஒவ்வொரு நாளும்.
நான் குறட்டை விட்டுக் கிடக்க, தலைமாட்டில்
அது எழும்பி, வழி தேடி, வழியில்லாமல்
திரும்பப் படுத்திருக்கிறது,
முந்நூற்றெண்பது இரவு.
ஒரு சொல் சொன்னதில்லை.
சொல்லியிருக்கும், நான் தள்ளிவிட்டிருப்பேன்.

அஜ்வத்துக்குக் காசு கொடுத்தது வைகாசியில்.
எஞ்சின் வாங்க, ஒரு இலட்சத்து எண்பது.
கடுதாசி இல்லை, சாட்சி இல்லை.
"வாற சித்திரைக்குள்ள தாறன் நானா",
அதற்குக் கீழே என் கட்டைவிரல்.
அவ்வளவுதான் உறுதி. அது இப்போது
ஆமையோடு நீந்துகிறது.

"அவற்ற போனில இருக்குமே அண்ணை,
எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பச் சொல்லுங்கோ."
சொல்வது சுகம்.
கடன்பட்டவனிடம் போய்
நீ பட்ட கடனுக்கு நீயே சாட்சி தா என்று
எந்த முகத்தோடு கேட்பது?

பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன்.
மீன் பெட்டிக்கு ஐஸ் கொட்டிக்கொண்டு நின்றான்.
கையைச் சாரத்தில் துடைத்து,
போனைத் திறந்து என்னிடமே தந்தான்.
"எனக்கு இது வெளங்காது. நீங்களே பாத்து எடுங்க நானா."
மீடியா இல்லாமல் இருநூற்றுப் பன்னிரண்டு கேபி.
ஒரு வருஷம். ஒரு நல்ல படத்தின் அளவுகூட இல்லை.

இரவு வீட்டில் திறந்தேன்.
அவன் போனிலிருந்து வந்ததால்
அவன் எனக்கு வைத்த பெயரோடு வந்திருக்கிறது.
நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் முன்னால்
பாலன் நானா அவசரத்துக்கு.
(நான் அவனை அஜ்வத் 180 என்று வைத்திருந்தேன்.)

கடன் வரி இருந்தது. ஒரு புள்ளி குறையவில்லை.
அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

தை மாதம், இரவு 1.40.
பாலன் நானா அவசரத்துக்கு: உங்கட ஆக்களே இப்பிடித்தான்.

விடிந்ததும் அதை அழித்தேன், ஞாபகம் இருக்கிறது.
பல்லுத் தீட்டும் முன்னம் அழித்தேன்.
இரண்டு தெரிவு கேட்டிருக்கும், நான் வாசிக்கவில்லை;
என் கண்ணுக்கு மறைந்ததும்
உலகத்துக்கே மறைந்ததென்று தேத்தண்ணி குடித்தேன்.

அவன் பக்கத்தில் அது அப்படியே கிடந்திருக்கிறது.
அடுத்த வரி அவனுடையது, காலை 6.15:
காத்து கூட நானா. போட்டை மேல ஏத்திட்டீங்களா?

"இப்ப அழிக்கேலாதோ தம்பி, அவற்ற பக்கத்திலயும்?"
"ரெண்டு நாளுக்குள்ள எண்டால் ஏலும்."
யாருடைய மெசேஜ் என்று அவன் கேட்கவில்லை.

இப்போது டேட்டாவிலும் போகும்படி மாற்றியாயிற்று.
பாஸ்வேர்ட் அலுமாரிக் கதவின் உட்புறத்தில்.
இரண்டு மணிக்கு விழித்திருந்து பார்த்தேன்:
பச்சைக் கோடு ஓடி முடிந்தது,
காப்பாற்ற ஒன்றும் இல்லாததால் சுறுக்காக.

நம்பரைச் சேமிக்கப் பெயர் கேட்டது.
அஜ்வத் என்று அடித்தேன்.
பழக்கத்தில் விரல்
எண்களுக்குப் போனது.